போர்வைக்குள் இன்னொரு கை

“எரிச்சுத் தொலைங்கன்னா கேக்கறீங்களா! அடுப்புல போட்டா முடிஞ்சு போற வேலை!”

“எங்கம்மா போர்வையை அடுப்புல போடுவீங்களா அண்ணி? எங்கே, என் எதிர்ல போட்டுத்தான் பாருங்களேன்!”

வேல்ஸ் நாட்டுப் பென்லான் பண்ணை வீட்டு அண்ணியும் நாத்தனாரும் போர்வையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, தையற்காரி டெக்வெனின் முன்னறையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பண்ணையில் சண்டை போட்டால் கேட்பதற்கு ஆடுகள் மட்டுமே உண்டு. ஊருக்குள் இறங்கி வந்து போட்டால் தெரு முழுக்க ஜன்னல் திரைகள் அசையும். அண்ணி ஐர்லிஸ் ஸ்வான்ஸீ டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்; அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

டெக்வென் தடுக்கவில்லை. நல்ல சண்டை ஒன்று வீடு தேடி வந்திருக்கும்போது நடுவில் புகுந்து கெடுக்கிற ரகமில்லை அவள். கெண்டியைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை. அது கொதிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப்போனாலும் போனதுதானே.

“டெக்வென் அக்கா, நீங்களே சொல்லுங்க,” என்றாள் நாத்தனார் லெய்சா. மூக்கு சிவந்திருந்தது. “இந்தப் போர்வை இல்லாட்டி அப்பாவுக்கு உடம்பு சூடாகறதே இல்ல. போன வாரம், காலைல வெயில்ல போடலாம்னு ஒரே ஒரு ராத்திரி எடுத்து வெச்சோம். உதடெல்லாம் நீலமாயிடுச்சு. இன்னொரு தடவை நெஞ்சுல குளிர் ஏறினா தாங்கமாட்டார்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார். ஓரம் கிழிஞ்சு உள்ளே இருக்கற கம்பளியெல்லாம் கொட்டுது. அதுவரைக்கும் அவரை அடுப்பு ஓரத்துலயே வெச்சுப் பாத்துக்கறோம். சீக்கிரம் தெச்சுக் குடுத்துடுங்க, பனி விழறதுக்குள்ள.”

“சூடாகுதாம், சூடு!” ஐர்லிஸ் தன் முனையை விட்டுவிட்டாள். லெய்சா இரண்டடி பின்னால் போய் நாற்காலியில் விழுந்தாள். “ஏன் சூடாகுதுன்னு கேளுங்க. நான் அடுத்த ரூம்ல படுக்கறவ. எங்க மாமா தனியா பேசறார். சரி, படுத்த படுக்கையா கிடக்கற மனுஷன், பேசிட்டுப் போகட்டும். நடுநடுவுல நிறுத்தி, ‘ஆமா’ங்கறாரு. ‘அதுவும் சரிதான்’ங்கறாரு. அது யாருக்கு?”

“ஆட்டுச் சத்தத்துக்கே அலறி எழுந்தவங்கதானே நீங்க!”

“ஆடு ‘நகர்ந்து படுங்க’ன்னு சொல்லாது லெய்சா!”

டெக்வென் கையை நீட்டினாள். “இங்க குடுங்க,” என்றாள்.

போர்வையை வாங்கியபோது, அது வெதுவெதுப்பாக இருந்தது. லெய்சா மலையிலிருந்து மழையில் சுமந்து வந்த போர்வை.

படுக்கையிலிருந்து யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு சூடு.

*

லெய்சாவின் அம்மா, பென்லான் கிழவர் ஈவானின் மனைவி அங்காரட், மணமான புதிதில் தன் கையால் தைத்தது அந்தப் போர்வை. மேலே கருப்பும் சிவப்புமாகக் கம்பளித் துணி. நடுவில் பெரிய வட்டம். அதைச் சுற்றி நத்தைக்கூடு போலச் சுருண்டு சுருண்டு போகும் தையல். பிள்ளைகளை அதன் அடியில்தான் பெற்றாள். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில், அதன் அடியிலேயே செத்தும் போனாள். ஊரில் அவளைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அதுவே டெக்வெனுக்கு அவள்மேல் சின்ன வருத்தம்.

எங்கள் பக்கத்தில் போர்வை பழசானால் யாரும் பிரிப்பதில்லை. நைந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். ஒட்டும் நைந்தால் மேலே புதுத் துணி வைத்துப் பழையதை அப்படியே உள்ளே மூடித் தைத்துவிடுவார்கள். பாட்டன் போர்வை பேரன் போர்வைக்குள் இருக்கும். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கவேண்டும் என்பது பழக்கம். அதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை, டெக்வென் உள்பட.

மறுநாள் காலை உணவு முடிந்ததும் போர்வையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஜன்னலோரம் வைத்தாள். வெளியே மழை, ஆற்றின் பக்கமிருந்து சாய்வாக அடித்தது. போர்வையிலிருந்து வாசனை எழும்பியது: ஆட்டுக் கொழுப்பு, நிலக்கரிப் புகை, லாவெண்டர்; அவற்றுக்கெல்லாம் அடியில், நெடுநாள் நோயில் கிடந்த உடம்பின் இனிப்பான வாடை.

வழக்கமாகச் சட்டத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும் அவள் பூனை, அன்று மழையில் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து கூப்பிட்டும் வரவில்லை.

போர்வை தைப்பவளுக்கு ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மேல் கை ஊசியைக் குத்தும். சட்டத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கீழ்க் கை காத்திருக்கும். ஊசி முனை விரலில் பட்டதும் அதை மேலே திருப்பி அனுப்பும். வருஷக்கணக்கில் குத்துப்பட்டு அந்த விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். ஊரில் போர்வை தைக்கிறவளை அந்த விரலை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

டெக்வென் ஓரத்துக் கிழிசலை முடித்து, பிரிந்துபோன நத்தைச் சுருள் ஒன்றைத் திரும்பத் தைக்க ஆரம்பித்தாள். வேலை ஓடியது. எப்போதையும்விட வேகமாக ஓடியது. மதியம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

ஊசி அவள் விரலில் படவே இல்லை.

குத்துகிறாள், உள்ளே போகிறது, அவள் தொடுவதற்கு முன்பே மேலே வந்துவிடுகிறது.

துணி விறைப்பாக இருக்கிறது, அதனால் ஊசி தானாகத் துள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு முறை குத்தினாள். ஊசி உள்ளே போயிற்று. இந்த முறை உடனே வரவில்லை. கீழ்க் கையை நகர்த்தித் தேடினாள்.

அவள் விரலின்மேல் ஒரு விரல் பட்டது.

அதன் நுனியும் காய்த்திருந்தது.

டெக்வென் கையை உருவவில்லை. உருவ முடியவில்லை என்று சொன்னால்தான் சரி. அந்த விரல் அவள் விரலைத் தடவிப் பார்த்தது. புதுத் தையற்காரியின் கையைப் பழைய தையற்காரி சோதிப்பது மாதிரி. பிறகு மெதுவாக, பொறுமையாக, ஊசியை மேலே தள்ளிவிட்டது.

தையல் நேராக இருந்தது. அவளுடையதைவிட நேராக.

நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, குனிந்து சட்டத்தின் அடியில் பார்த்தாள். தரை இருந்தது. தரையில் கொஞ்சம் கம்பளிப் பிசிறு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மேலே, இறுக்கிக் கட்டிய போர்வையின் ஒரு பக்கத்தில், மனிதர் நீளத்துக்கு ஒரு மேடு எழும்பியிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது புரண்டு படுத்தது.

*

வேறொருத்தியாக இருந்தால் போர்வையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடியிருப்பாள். டெக்வெனுக்கு அது முடியாது. ஒட்டுப் போட முடியாமல் திருப்பிக் கொடுத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அந்தப் பேச்சை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அவளை விட்டால் வேறு ஆள் ஏது?

ஆகவே செய்யக்கூடாததைச் செய்தாள். நீளப் பக்கத்துத் தையலைப் பிரித்து உள்ளே கையை விட்டாள். கம்பளி அடைசலின் நடுவில் சிவப்பு ஃபிளானல் துணி ஒன்று இருந்தது. அங்காரட்டின் பழைய உள்பாவாடைகளை வெட்டி இணைத்த விரிப்பு. அந்த வாடை அதில்தான் இருந்தது. சூடும் அதில்தான்.

“அழுக்கு,” என்று அறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். “வெறும் அழுக்கு.” இழுத்து வெளியே போட்டாள். வரும்போது அது எங்கோ மாட்டிக்கொண்டதுபோல முரண்டு பிடித்தது. அந்த இடத்தில் கழுவிச் சிக்கெடுத்த புதுக் கம்பளியை அடைத்துத் தைத்தாள். மேடு போயிற்று. போர்வை தட்டையாக, சமர்த்தாகக் கிடந்தது.

அந்தச் சிவப்புத் துணியை அப்போதே எரித்திருந்தால்கூடக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் சிக்கனத்துக்குப் பேர்போன எங்கள் கார்டிகன் சீமைப் பெண்ணுக்கு நல்ல ஃபிளானலை எரிக்க மனசு வருமா? முடிந்த மெழுகுவர்த்தியின் ஒழுக்கைச் சுரண்டி வைக்கிற ஊர் இது. டெக்வென் அதைச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, கத்தரியை எடுத்தாள்.

முதல் வெட்டு விழுந்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் ஒன்று சமையலறையிலிருந்து வந்தது.

கெண்டி கொதிக்கிறது என்று நினைத்தாள்.

கெண்டி அடுப்பில் இல்லை.

வெட்டினது வெட்டியாகிவிட்டது, பாதியில் விட்டால் துணி வீண். மூன்று சாமான்கள் தேறின. அடுப்புத் தட்டுகளை எடுக்கக் கையுறை மாதிரி ஒரு பிடிதுணி; அதை ரொட்டிக் கடை வைத்திருந்த ரொட்டி எம்லினுக்குக் கொடுத்தாள். டீக்கெண்டி ஆறாமலிருக்க ஒரு தொப்பி, அது போதகரம்மாவுக்கு. மிச்சத்தை நீளமாகச் சுருட்டி, கதவுக்கு அடியில் காற்று வராமல் அடைக்கும் திண்டாக்கித் தன் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டாள். “டெக்வெனா? இனாமாவா?” என்று ஊரே ஒரு வாரம் வியந்தது.

*

போர்வை பென்லானுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐர்லிஸ் அதை முகர்ந்து பார்த்து, முதல் தடவையாக டெக்வெனுக்கு நன்றி சொன்னாள். அன்றிலிருந்து அடுத்த ரூமில் பேச்சுச் சத்தம் இல்லை.

லெய்சா மட்டும் மலையிறங்கி வந்தாள். தலையில் துண்டுகூடப் போடவில்லை.

“அக்கா, என்ன பண்ணீங்க போர்வையை?”

“ஏன், தையல் விட்டுப் போச்சா?”

“அப்பா நடுங்கறார். இன்னும் ரெண்டு கம்பளி போட்டாச்சு. காலடியில சுடுகல் வெச்சாச்சு. தொட்டா கல்லு மாதிரி இருக்கார். ‘யாரோட போர்வை இது?’ங்கறார். உங்களோடதுதாம்பான்னா, ‘இல்ல, இதுல யாருமே இல்ல’ங்கறார்.” லெய்சா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சாப்பாடு இறங்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புங்கன்னுட்டார்.”

டெக்வென் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, வாசலடியில் நேராகப் போட்டிருந்த சிவப்புத் திண்டு நடுவில் மடங்கியிருந்தது.

காலால் தள்ளி நேராக்கினாள்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும் மாதம் அது. விளக்கேற்றப் போய்விட்டு வந்து பார்த்தாள்.

போர்த்திப் படுத்திருப்பவர் முழங்காலை மடக்கிக்கொள்வது போல, அது மறுபடியும் மடங்கிக் கிடந்தது. குளிருகிற முழங்கால்.

மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போனாள். எம்லின் இடது கையால் ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் கட்டு.

“சுட்டுக்கிட்டீங்களா?”

எம்லின் கடையில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குனிந்தார். “சிரிக்கக்கூடாது.”

“நான் ஏன் சிரிக்கறேன்?”

“சிரிப்பே நீ. நாளைக்கே ஊர் சிரிக்கும். நீ குடுத்த பிடிதுணியை மாட்டினேனா, உள்ளே யாரோ என் கையைப் பிடிச்சாங்க. அப்படியே இறுக்கி. கை குலுக்கற மாதிரி இல்ல டெக்வென். ஆத்துல மூழ்கறவங்க பிடிப்பாங்களே, அப்படி. தட்டு கைமேல விழுந்துடுச்சு. ஒரு அடுப்பு ரொட்டி பாழ்.”

டெக்வென் சிரிக்கவில்லை; அதைத் திருப்பிக் கேட்டாள். எம்லின் பிடிதுணியை நெருப்பு இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

போதகரம்மாவிடம் வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த அம்மாள் கெண்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது நல்லதில்ல டெக்வென். காலைல போட்ட டீ சாயங்காலம் வரைக்கும் கொதிக்கக் கொதிக்க இருக்கு. போதகர்கூட, கர்த்தருடைய கிருபைன்னார்.”

“வேற ஒண்ணு தெச்சுத் தரேம்மா. பூவேலை போட்டு.”

“பூவேலை யாருக்கு வேணும்!” என்றாள். சற்றுப் பொறுத்து, பக்கத்து அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கொஞ்சம் தொட்டுப் பாரு.”

டெக்வென் தொட்டாள்.

சிவப்புத் தொப்பி அவள் உள்ளங்கையின்கீழ் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

“தூங்கற வயிறு மாதிரி இல்ல?” என்று கிசுகிசுத்தாள் போதகரம்மா. “எடுத்துட்டுப் போயிடு. அவர்கிட்ட சொல்லிடாதே.”

டெக்வென் தெருவில் நின்றாள். ஒரு கையில் காகிதப் பொட்டலம், இன்னொரு கையில் தொப்பி. பொட்டலம் அசைந்தது. அங்காரட்டை மூன்றாக வெட்டி ஊருக்குப் பங்கு வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. தையலை வைத்து அதை மூடிவிட முடியுமா என்பதுதான் விளங்கவில்லை.

*

பென்லானில் ஈவான் தலையணையோடு தலையணையாக வெளுத்துக் கிடந்தார். சுவாசம் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அறையில் அடுப்பு எரிந்தும் மூச்சு புகையாகத் தெரிந்தது. ஐர்லிஸ் வாசலில் நின்று, “மறுபடியும் அதையா!” என்று ஆரம்பித்தாள். கிழவரின் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து டெக்வெனுக்குப் பிடித்தாள். அந்த ஸ்வான்ஸீக்காரியை அன்றிலிருந்து டெக்வென் குறை சொல்லியதில்லை, சொன்னாலும் பாதிதான்.

சட்டத்தில் கட்ட நேரமில்லை. மூன்று துண்டுகளையும் பழைய வெட்டுக்கு வெட்டு பொருத்தி இணைத்தாள். கிழவரின் மேலிருந்த போர்வையை அப்படியே ஓரம் பிரித்து, புதுக் கம்பளியை வாரி வெளியே எடுத்துவிட்டு, சிவப்பு விரிப்பை உள்ளே பரப்பினாள். தோள்வரைக்கும் கையை விட்டு மூலைகளை நீவினாள். எதுவும் நடக்கவில்லை. துணி துணியாகத்தான் இருந்தது, ஜில்லென்று, செத்துப்போய்.

“அக்கா, அப்பா மூச்சு…” என்றாள் லெய்சா.

டெக்வென் தைக்க ஆரம்பித்தாள். இடது கை போர்வைக்குள், வலது கையில் ஊசி. ஒரு சாண் தூரம் வரைக்கும் தன் விரலையே குத்திக்கொண்டு போனாள். நாலு இடத்தில் ரத்தம்.

ஐந்தாவது குத்தில் விரல் படவில்லை.

ஊசி தானாக மேலே வந்தது.

டெக்வென் அழுதாளா என்று லெய்சாவைக் கேட்டால் ஆமாம் என்பாள். வேகமாக, வேகமாக, இரண்டு பேர் தைக்கிற வேகத்தில் ஓரம் மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் அவளுடைய கை வெளியே வரும் அளவுக்குத்தான் இடைவெளி. கையை உருவினாள்.

வரவில்லை.

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள். கோபமில்லை அதில். கெஞ்சலும் இல்லை. இனிமேல் விடுவதில்லை என்று முடிவு செய்த பிடி.

“அங்காரட்,” என்று கிசுகிசுத்தாள். “தப்புதான். தெரியாம வெட்டிட்டேன்.”

பிடி இறுகியது. கை முழங்கைவரை உள்ளே போயிற்று. ஐர்லிஸ் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

அப்போது தலையணையிலிருந்து, சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்கிற குரலில், ஈவான் பேசினார்.

“அவளை விடும்மா. அவ வீட்டுக்குப் போய் டீ போட வேணாமா?”

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

டெக்வென் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். கிழவரின் உதட்டில் சிவப்பு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி, கொஞ்சம் நகர்ந்து, சுவரோரம் இடம் விட்டுப் படுத்தார்.

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு, சற்றே பிந்தி, இன்னொன்று.

*

ஈவான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டி, கோடைப் புல்லறுப்பு வரைக்கும் இருந்து, ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். தொட்டுப் பார்த்தவர்கள் உடம்பு நெடுநேரம் சூடாகவே இருந்தது என்றார்கள். ஐர்லிஸ் புருஷனைக் கிளப்பிக்கொண்டு ஸ்வான்ஸீக்கே திரும்பிவிட்டாள். பண்ணையில் இப்போது பைன் மரங்கள்தான். ரொட்டி எம்லின், அந்த வயதில், லாம்பிட்டர் பக்கத்து விதவை ஒருத்தியை மணந்தார். கல்யாணத்தில் கை குலுக்க வந்தவர்களுக்கு இரண்டு விரலை மட்டும் நீட்டினார்.

லெய்சா ஷ்ரூஸ்பரிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு எல்லை தாண்டிப் போனாள். ஹெரால்ட் என்று பேர், தபால் பிரிக்கிற வேலை, இங்கிலீஷ்காரன் என்பதைத் தவிரக் குறையொன்றும் இல்லை. சீதனமாகப் போனது அந்தப் போர்வைதான்.

பிறகு ஒரு கோடையில் ஜெபக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். டெக்வென் வீட்டில்தான் டீ. லெய்சா பின்கட்டில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலையாம், ராத்திரி முழுக்க வார்டில்தானாம். “காலைல நான் பஸ் பிடிச்சு வீடு வர்றப்போ அவர் எப்பவோ வேலைக்குப் போயிருப்பார் அக்கா. ஞாயித்துக்கிழமைதான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம்,” என்று சிரித்தாள்.

டெக்வென் உலர்திராட்சை ரொட்டியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஹெரால்ட் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“உங்க லெய்சாவை என்னன்னு சொல்றது!” என்றான், இரண்டாவது துண்டை எடுத்தபடி. “நான் கிளம்பறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் வந்து படுப்பா. என்னைத் தொந்தரவு பண்ணக்கூடாதாம், ஒரு சத்தம் வராது. தலையோட இழுத்து மூடிக்குவா. பாவம், தூங்கட்டும்னு போர்வை மேலேயே ஒரு முத்தம் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன். ஒரு நாளும் பேசமாட்டா. ஆனா தினமும் உள்ளேருந்து கையை நீட்டி, என் கன்னத்தை ஒரு தட்டு தட்டுவா.”